வராதவன் வீட்டு வாசலில் பாடிய பாட்டு

எங்கள் சேர்ச்சில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை ஞாயிறு பின்னேரங்களில் நான்தான் நடத்துகிறேன். இன்று டினோ வரவில்லை. ஒரு பிள்ளை கைமேளத்தைத் தட்டிக்கொண்டே கேட்டது.

"அங்கிள், எல்லாரும் பாடிக்கொண்டு போய் அவன இழுத்துக்கொண்டு வருவமா?"



என் பதின்மூன்று வயதில் எங்களை நடத்தியவர் ரோஸ் அக்கா. வராதவன் வீட்டுக்குப் பாடிக்கொண்டே போய்க் கூட்டிவருவது அவருடைய வழக்கம். வாவிக்கரை ஒழுங்கை முழுவதும் எங்கள் சத்தம்தான்.

அது சண்டைக் காலம். சண்டைக்கு ஆள் சேர்க்கப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஒரு ஞாயிறு வராமல் நின்ற எங்கள் கூட்டாளி ஜெயந்தனை அவன் அம்மா நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தது எங்களுக்குத் தெரியாது.

"அவன் கொழும்புக்குப் போயிற்றான் பிள்ள," என்று அவன் அம்மா வாசலில் வைத்து ரோஸ் அக்காவிடம் சொன்னார்.

நாங்கள் நம்பவில்லை. வாசலிலேயே நின்று பாடினோம்.

"டேய் சோம்பேறி, வெளிய வாடா!" என்று கத்தியது நான்.

இரண்டாவது பாட்டில் அவனுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே இருந்து அவனும் சேர்ந்து பாடினான். ஒழுங்கையில் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது.

மூன்றாம் நாள் அவனைக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

இன்று பிள்ளைகளைச் சேர்ச்சிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, சைக்கிளில் தனியே போனேன். டினோவுக்குக் காய்ச்சல். அவன் தாய் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளைகளக் கூட்டி வரல்லியா அண்ணன்? ஆரும் வருவாங்க எண்டு காலையிலிருந்து வாசலையே பாத்துக்கொண்டு கிடக்கான்."

"காய்ச்சல்காரனுக்குச் சத்தம் கூடாது தங்கச்சி," என்றேன்.