எடைமேடைக்காரரின் இரண்டு கார்டுகள்

லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை போடும் மேடையில் இருபத்திரண்டு வருடமாகச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவரும் இந்தப் பெருமகனார், எட்டு மாதமாக எதற்கும் சிரிக்கவில்லை, எதற்கும் கோபப்படவுமில்லை. காரணம் என்று ஒன்று கிடையாது. டாக்டர் ரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம் எல்லாம் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தார். அதைப் படித்தபோதும் இவர் முகம் நார்மலாகவே இருந்தது.

மனைவி தையல்காரி. முன்பெல்லாம் இவர் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஆடும்போது போடும் கத்தலில், அடுத்த அறையில் அவளுக்குத் தையல் கோணிக்கொண்டு போகும். இப்போது நேராக வந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கோளாறு மனிதரிடமா கம்ப்யூட்டரிடமா என்று தீர விசாரித்து, கம்ப்யூட்டரிடம்தான் என்று தன் வசதிக்கு ஒரு தீர்ப்பும் சொல்லிக்கொண்டு, திரையில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு புதிதாக ஒன்று வாங்கி வந்தாள். பழையதற்கு ஏழு வயது. அந்த நாளில் கடையிலேயே மலிவானது. புதியது இந்த நாளில் மலிவானது. ஏழைக்கும் ஏழைக்கும் போட்டி.

ஞாயிற்றுக்கிழமை சோதனை. தொழில் தர்மம் தவறாதவர் அல்லவா? பழையதைக் கழற்றித் தூசு தட்டி வைத்துவிட்டு, புதியதைப் பொருத்தி, ஒரே பாதையில் ஒரே காரை மூன்று முறை ஓட்டினார். திரையில் நொடிக்குப் பத்தொன்பது படம்; எண்ணிக்கை கூடினால்தான் கார் திக்காமல் ஓடும். மறுபடி பழையதை மாட்டி ஓட்டினார். அதற்கும் பத்தொன்பது. சரக்கு லாரிக்கும் காலி லாரிக்கும் ஒரே எடை காட்டும் மேடையாக இருந்தால் அன்றே இழுத்துப் பூட்டியிருப்பார். இங்கே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“ரெண்டும் ஒண்ணுதான். முன்னாடியும் இப்படித்தான் இருந்திருக்கும்” என்றார்.

தாளை வாங்கிப் படித்தவளுக்குத் தன் தீர்ப்பு ஆட்டம் கண்டது புரிந்தது. தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பி ஏசி மெக்கானிக். வந்தவன் கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தான். மானிட்டர் வயர் கார்டில் இல்லை. பெட்டியோடு கூடப் பிறந்த வேறொரு துளையில் செருகியிருந்தது.

“மாமா, ரெண்டு பேரை வேலைக்கு வரச்சொல்லி, ரெண்டு பேரையும் வாசல்லயே உக்கார வச்சு அனுப்பியிருக்கீங்க.”

மாமா “ஓ” என்றார். அக்காதான் சிரித்தாள், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

வயரைக் கார்டுக்கு மாற்றியதும் பழையது நாற்பத்தொன்று காட்டியது, புதியது தொண்ணூற்றாறு. மச்சினன் விசிலடித்தான். அக்காவும் தம்பியும் திரையைப் பார்க்கவில்லை, ஓட்டுகிறவர் முகத்தையே பார்த்தார்கள். அங்கே எந்த எண்ணும் ஏறவில்லை. அவர் சீட்டைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். மச்சினனுக்குத் திடீரென்று ஒரு வேலை ஞாபகம் வந்தது, கிளம்பிவிட்டான்.

அவள் போய் ஒரு சட்டைக் கையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாதியில் கார் சத்தம் நின்றுபோனது. வந்து பார்த்தாள். பந்தயத்தின் நடுவே காரை ஓரங்கட்டியிருந்தார். மற்ற கார்கள் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

“ஏங்க நிறுத்திட்டீங்க? பிடிக்கலையா?”

“தெரியலை. கேம்ல மழை பெய்யுது. பழைய கார்டுல மழையை அணைச்சு வச்சாத்தான் வண்டி நகரும்.”

“நல்லா இருக்கா?”

திரையில் காரின் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தார்.

“பெய்யுது” என்றார்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவளுக்கும் தெரியும்படி மானிட்டரை ஒரு விரற்கடை திருப்பி வைத்தார். பந்தயத்தில் கடைசி இடம் உறுதியாயிற்று.