குழந்தை பேசும்வரை ஜப்பான் பாஷை வேண்டாம் என்றார்கள்

ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து ஆர்டர் வருகிறது. சாம்பிள் பார்க்க வருகிறவர்களிடம் இரண்டு வார்த்தை பேசலாமே என்றுதான் அந்த மொழியைக் கற்கத் தொடங்கினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மாலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, மகளுக்குச் சோறு ஊட்டியதும், போனில் ஒரு சின்னப் பாடம். கேட்பேன், திருப்பிச் சொல்வேன். பிடிபடவில்லை என்றால் மறுநாளும் அதே பாடம். பகல் முழுக்க டார்கெட் என்று விரட்டப்படுகிற எனக்கு, விரட்டாத ஒரே வேலை அதுதான்.

மகளுக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. மாமியார் வசம்பைச் சுட்டு உரசி அவள் நாக்கில் தடவிப் பார்த்தார். பலனில்லை என்றதும் என் பாடத்தின் மேல் பாய்ந்தார்.

"புள்ள இன்னும் அம்மான்னு கூப்புடல. நீ எவனுக்கோ வணக்கம் சொல்லிக்கினு கீற. ரெண்டு பாஷை காதுல வுழுந்தா அது இன்னாத்த பேசும்?"

"காது நல்லா கேக்குதுன்னு டாக்டர் சொன்னாரு அத்தை. வூட்ல நிறைய பேசச் சொன்னாரு."

"தமிழ்ல பேசச் சொன்னாரு. ஜப்பான்காரி மாதிரி உளறச் சொல்லல."

பக்கத்து வீட்டு பீவியம்மா எனக்காகப் பேசினார். "எங்க வூட்ல உருது, தெருவுல தமிழ். என் புள்ளைங்க வாய மூட வைக்கறதுதான் பேஜாரு."

"அது உங்க பொறந்த பாஷை. இது சம்பளத்துக்குக் கத்துக்கற பாஷை," என்று மாமியார் அவரையும் மடக்கிவிட்டார்.

கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்ச நாளைக்கு வுட்டுத் தொலையேன்."

விட்டேன். ஒருவேளை மாமியார் சொல்வது உண்மையாக இருந்தால்? அந்தப் பயம்தான். பாடம் இருந்த நேரத்தில் மகளை எதிரே உட்கார வைத்து, "அம்மா சொல்லு, சொல்லுடி" என்று நச்சரித்தேன். கம்பெனியில் சூப்பர்வைசர் என் தலைமேல் நிற்பதுபோல நான் அவள் தலைமேல் நின்றேன். சில நாட்களில் நான் பக்கத்தில் போனாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்தாள்.

மாமியார் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "இப்ப நிறுத்தி இன்னா பிரயோஜனம்? கெடுத்தது கெடுத்ததுதான்."

அன்று மாலையே போனை எடுத்துக் கூடத்தின் நடுவில் உட்கார்ந்தேன். எல்லாம் மறந்திருந்தது. முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தேன். கட்டிலுக்கடியிலிருந்து மகள் ஊர்ந்து வந்து என் மடியில் ஏறி, அசையும் உதடுகளையே பார்த்தாள். அவளை எதுவும் சொல்லச் சொல்லவில்லை.

"வெக்கமா இல்ல உனுக்கு?" என்றார் மாமியார்.

"இல்ல அத்தை."

தப்பு செய்கிறேனோ என்ற பயம் இன்னும் போகவில்லை. மாமியார் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை விட்டெறியத் தொடங்கினார். அந்தச் சத்தத்திலும் கேட்கும்படி போனின் ஒலியைக் கூட்டினேன்.