பிளக்கை முகர்ந்து பார்த்தவர்

அந்த மெக்கானிக் சொன்னது உண்மைதானா? பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்கு அருகே கடை வைத்திருப்பவர். ஒல்லியானவர், காதில் எப்போதும் ஒரு பீடி. எந்த வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாலும் கண்ணை மூடி முகர்ந்து பார்ப்பார்.

இரண்டு மாதத்தில் மூன்றாம் முறையாக பிளக் கெட்டு, குழந்தைக்கு மூச்சிழுப்பு வந்த அன்று பொன்னேரி ரோட்டில் எங்கள் கார் நின்றுவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இவர்தான் மட்டமான பிளக்கை மாட்டுகிறார் என்று மறுநாள் சண்டைக்குப் போனேன்.

எங்கள் காரிலிருந்து கழற்றிய, கரி அப்பிய பிளக்கை என் மூக்கருகே நீட்டினார்.

"இன்னா வாடைனு நீயே பாரும்மா. படகு இன்ஜினுக்கு ஆயில் கலந்து ஊத்துற பெட்ரோலு. இதைக் குடிச்சா எந்த பிளக்கு தாங்கும்? வூட்ல யார்னா படகு வச்சிகிறாங்களா?"

கொழுந்தனார் வைத்திருக்கிறார் என்றேன். எங்கள் காரை வாங்கிப் போனால் வெறும் டாங்கோடு திருப்பித் தர அவருக்கு மனம் வராது.

"புது பிளக் வேணாம். மொதல்ல அவரைக் கேளு."

எனக்கோ வெறும் பெட்ரோல் வாடைதான் தெரிந்தது. பழியைத் தள்ளிவிடப் பார்க்கிறாரோ?

நல்லெண்ணத்தில் ஊற்றுகிறவரிடம் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த இழுப்பு எப்போது வருமோ தெரியாது.