ஸ்டெல்லா அக்கா இல்லாத மதியங்கள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், எழுந்து போய்த் தேநீர் போடுகிற ஆள் நான். சிரிக்காமல் கேட்பதானால் சொல்கிறேன்.

சிங்கப்பூரில், ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். எங்கள் வாடிக்கையாளரான, ஜூரோங்கில் உள்ள ஒரு சரக்கு நிறுவனத்தில் யாருக்கும் தனிக் கணினி கிடையாது. எல்லாருடைய கணினியும் எங்கோ கிளவுடில் ஓடுகிறது, லேப்டாப் வழியாக அதற்குள் நுழைந்துதான் வேலை செய்வார்கள். யாருக்கு மெதுவாக ஓடுகிறது, யாருக்குத் திரை உறைகிறது என்று நாள் முழுக்கப் பார்ப்பது என் வேலை. மௌஸை அசைத்தால் திரையில் அம்பு அசைய ஒரு சின்னத் தாமதம் இருக்கும். பக்கத்தில் பூன் லேயிலிருந்து வந்தால் கொஞ்சம், சென்னையிலிருந்து வந்தால் கூடுதல். தாமதமே இல்லாமல் யாரும் வர முடியாது, தூரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஸ்டெல்லா அக்கா அந்த நிறுவனத்தில் சரக்கு ஆவணங்கள் தயாரிப்பவர். சில மதியங்களில் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவார், விட்ட வேலையை இரவில் முடிப்பார். ஒருநாள் அவருடைய மேனேஜர் குமார் எனக்குப் போன் செய்தார்.

“நூர்ஜஹான், ஸ்டெல்லா டயாலிசிஸ் சென்டர்ல இருக்கிற நேரத்துல அவங்க கம்ப்யூட்டர்ல வேலை நடக்குது லா. பாஸ்வேர்டை யாருக்கோ குடுத்திருக்காங்க. ப்ரூஃப் மட்டும் குடுங்க, வேலையை விட்டுத் தூக்கிடறேன்.”

அக்காவின் சம்பளத்தில்தான் அவர் அம்மாவின் வைத்தியமே நடக்கிறது. பதிவுகளைப் பார்த்தேன். உண்மைதான், அந்த மதியங்களில் யாரோ உள்ளே இருந்தார்கள். ஆனால், நம்பினால் நம்புங்கள், தாமதம் என்ற இடத்தில் பூஜ்யம். கருவிதான் பழுது என்று நினைத்து மற்றவர்களுடையதைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. வெளியிலிருந்து யாரும் நுழைந்த தடயமும் இல்லை.

அடுத்த டயாலிசிஸ் நாளில் அம்மாவைத் தங்கையோடு அனுப்பிவிட்டு அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். குமாரும் வந்தார். அக்காவின் கண்கள் வீங்கியிருந்தன.

“மாதா சத்தியமா நான் யாருக்கும் குடுக்கல, நூரு. ராத்திரி தொறந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும். நான்தான் முடிச்சிட்டு மறந்துட்டேன்னு நெனச்சேன், தூக்கமே இல்லல்ல.”

எங்கள் முன்னாலேயே பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். அவருடைய லேப்டாப்பை மூடி, போனையும் வாங்கி என் மேசையில் வைத்தேன். தேக்கா சந்தையிலிருந்து வாங்கி வந்த தே தாரிக் தேநீரை யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்காவின் பெயர் என் திரையில் பச்சையாக எரிந்தது, யாரோ உள்ளே வந்துவிட்டார்கள்.

ஒருவருடைய திரையை அவர் அனுமதி இல்லாமல் நாங்கள் பார்க்கக் கூடாது. பார்க்கலாமா என்று கேட்டு அவர் திரைக்கு ஒரு பெட்டி போகும், அவர்தான் ‘ஆம்’ அழுத்த வேண்டும். பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். அக்காவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. ‘ஆம்’ என்று பதில் வந்தது.

உள்ளே அம்பு நிதானமாக ஒரு கப்பல் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தது. பயத்தைவிட, யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் எனக்கு அதிகமாக இருந்தது.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். “என்னை மாதிரியே செய்யுது, நூரு. எல்லாரும் அனுப்புறவங்க பேரைத்தான் மொதல்ல போடுவாங்க. நான் சரக்கோட எடையைப் போட்டுட்டுத்தான் பேரு போடுவேன். பாரு, அப்படியே போடுது.”

குமார் நாற்காலியை இழுத்துப்போட்டு அந்தப் படிவம் முடியும்வரை பார்த்தார். பிறகு எழுந்தார். “சிஸ்டம் கோளாறுன்னு எழுதிடுங்க. ஸ்டெல்லா மேல தப்பு இல்ல. இந்த மெஷினை அழிச்சிட்டு வேற போட்டுக் குடுத்துருங்க.”

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும் அழுதுவிட்டேன். அன்று மாலையே அந்தக் கிளவுட் கணினியை அழித்துப் புதிதாக ஒன்று போட்டேன். தெரிந்த எஞ்சினியர்களிடமெல்லாம் கேட்டேன். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், ஒன்றும் ஒட்டவில்லை.

அடுத்த முறை அக்கா அம்மாவோடு டயாலிசிஸ் சென்டரில் இருந்த மதியம், புதிய கணினியிலும் பச்சை எரிந்தது. தாமதம் அதே பூஜ்யம். மறுபடி அனுமதி கேட்டேன். ‘இல்லை’ என்று வந்தது. இன்றுவரை அக்காவின் வேலை தவறாமல் நடக்கிறது, நான் எப்போது கேட்டாலும் ‘இல்லை’தான். என்னோடு வேலை செய்யும் பையன் கேட்டால் மட்டும் உடனே ‘ஆம்’ வருகிறது. அன்று அதை அழித்தது நான்தான் என்று அதற்கு யார் சொன்னார்கள்?