கூட்டேரிப்பட்டு கேம்ப்பில் கொட்டிய பாட்டில்

சவுரிராயன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. திண்டிவனத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர். நான் அங்கே வேன் ஓட்டினேன். டாக்டர் கண்ணைத் திறந்து புரையை எடுத்ததும் உள்ளே கழுவ ஒரு மருந்துத் தண்ணீர் வேண்டும். கண்ணாடி பாட்டிலில் வரும். அதைக் கவனிப்பது சவுரிராயன் வேலை. ஒவ்வொன்றையும் தலைகீழாகப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். ஒரு நூல் மிதந்தாலும் ஓரமாக வைத்துவிடுவார்.

எண்பத்தைந்தில் கூட்டேரிப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் கண் ஆபரேஷன் கேம்ப். நாலு மணிக்கு ஒரே ஆள் பாக்கி, பெரியதம்பி. சின்ன வயதிலேயே கரும்புச் சோகை கிழித்து ஒரு கண் போய்விட்டது. இருக்கிற கண்ணில் புரை. பாட்டிலும் ஒன்றுதான் பாக்கி. அதன் ரப்பர் மூடியில் நர்ஸ் லூர்துமேரி காலையிலேயே ஊசி குத்திவிட்டு, மறந்து வேறு பாட்டிலை மாட்டியிருந்தாள்.

"ஒரு சொட்டு எடுக்கலண்ணே. முழுசா கீது."

"ஊசி பட்டுடிச்சிம்மா. காலைலேர்ந்து கெடக்குது."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "தெளிவாத்தானே இருக்கு, சவுரி?"

"கண்ணுக்குத் தெரியற அழுக்கா இருந்தா நான் ஏன் சார் பயப்படறேன்?"

சொல்லிக்கொண்டே வாளியில் கவிழ்த்துவிட்டார். டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

பெரியதம்பி விடவில்லை. "ஒரு பாட்டில் தண்ணிக்கா திருப்பி அனுப்பறீங்க? எங்க கொல்லையில கெணறு கீது, மொண்டுக்கினு வரட்டா?" வராந்தாவில் எல்லோரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை திண்டிவனத்துக்கு வரச் சொன்னார் டாக்டர். பெரியதம்பி வரவில்லை. கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்குகிற நேரம், கூட்டிவர ஆள் இல்லை. சவுரிராயன் இரண்டு கார்டு போட்டார். பதில் இல்லை. பாட்டிலைக் கொட்டி ஆளைத் திருப்பி அனுப்பியவர் என்று, ஆஸ்பத்திரியில் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். ஒளிப்பானேன், நானும் வேனிலேயே சாப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அதே பள்ளிக்கூடத்தில் கேம்ப். பெரியதம்பியை யாரோ பஸ் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். புரை முற்றி, கண் வீங்கி, வலித்து அடங்கியிருந்தது. டாக்டர் டார்ச் அடித்தார். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பெரியதம்பியால் சொல்ல முடியவில்லை. இனி அறுத்துப் பயனில்லை.

சவுரிராயன்தான் கை பிடித்து வெளியே கூட்டி வந்தார். குரலை வைத்து ஆளைக் கண்டுகொண்டார் பெரியதம்பி.

"ஏம்பா, அன்னிக்கு அந்த பாட்டில்ல இன்னாதான் இருந்துச்சி?"

"தெரியலீங்க."

"தெரியாமயா கொட்டுன?"

"தெரியாததாலதாங்க கொட்டுனேன்."

பெரியதம்பி துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, பஸ்ஸாண்ட வுடு" என்றார்.

அது நல்ல தண்ணீரா கெட்டதா, இனி யாராலும் சொல்ல முடியாது. அதை ஊற்றி, சீழ் பிடித்து, அந்தக் கண் வாரத்திலேயே போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம்.

பஸ் போய்விட்டது. சவுரிராயன் ரோட்டோரத்திலேயே நின்றார். சாப்பிடக் கூப்பிட ஹாரன் அடித்தேன். திரும்பவில்லை. அப்புறம் அவராகவே தியேட்டராக்கிய வகுப்பறைக்குள் போனார். உள்ளே பதினோரு பேர் காத்திருந்தார்கள்.