வாய்க்காலில் கொட்டிய ஒயின்

வால்பர்கா வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால் அந்த ஏரிக்கரை ஊரில் பேச்சு தானாகச் சுருங்கிவிடும். மாவட்ட நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்தே தலை நரைத்தவள் அவள். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, விவாகரத்து என்று ஊரில் பாதிப் பேருடைய பொய்கள் அவள் விரல் வழியாகத்தான் காகிதத்தில் ஏறியிருந்தன. யார் எதைச் சத்தியம் செய்து சொன்னார்கள் என்பது அவளுக்கு நினைவிருக்கும் என்று எல்லோரும் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது.

அவளும் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. கடையில் ஆப்பிள் வாங்கினால்கூட அடியில் இருப்பதைப் புரட்டிப் பார்ப்பாள். அவள் புருஷன் வியன்னாவில் வேலை என்று சொல்லிவிட்டு வியன்னாவில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தவன். விவாகரத்து வழக்கில் அவன் சொன்ன பொய்யை மட்டும் தட்டச்சு செய்ய வேறொருத்தியை உட்கார வைத்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு திராட்சைக்காரர் சங்கம் அவளை ஒரு வேலைக்குக் கூப்பிட்டது. சங்கத்துக்குப் பொன்விழா வருகிறது, புருஷனும் பெண்டாட்டியுமாகச் சின்ன அளவில் ஒயின் போடுகிறவர்களின் கதையை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து வைக்க வேண்டும் என்றார்கள். சங்கத் தலைவருக்குத் தெரிந்தவர்களில் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டு மிரளாதவள் அவள் ஒருத்திதான். சரி என்றாள், ஒரு நிபந்தனையோடு. முதலில் இருவரையும் சேர்த்து வைத்துக் கேட்பேன், பிறகு தனித்தனியாகக் கேட்பேன். ஒருவர் சொன்னது மற்றவர் காதுக்கு என் மூலம் போகாது. இருவரும் சம்மதித்தால் மட்டுமே வெளியில் ஒலிக்கும்.

தனித்தனியாக எதற்கு என்று தலைவர் கேட்டார். சேர்த்து உட்கார வைத்தால் இரண்டு வாய்க்கு ஒரு நாக்குதான் இருக்கும் என்றாள் வால்பர்கா.

அது எல்லா வீட்டிலும் சரியாகத்தான் இருந்தது. சேர்ந்திருக்கும்போது "நாங்க நட்டோம்" என்றவன், தனியாக இருக்கும்போது "நான் நட்டேன்" என்பான். அவன் பெண்டாட்டியைக் கேட்டால், நட்டதெல்லாம் நான், அவன் சாராயக் கடையில் கிடந்தான் என்பாள். எது நிஜம் என்று அவள் தீர்ப்புச் சொல்லவில்லை. கருவியை நிறுத்திவிட்டு, அவர்கள் கொடுத்த, பன்றிக் கொழுப்பு தடவிய ரொட்டியைத் தின்றுவிட்டு வந்துவிடுவாள்.

எங்கல்பெர்ட், ஒட்டீலி தம்பதியின் வீட்டுக்குப் போகத்தான் அவளுக்கே தயக்கமாக இருந்தது. ஊரில் அவர்களுக்குப் பெயர் 'கொட்டினவர்கள்'. எண்பத்தைந்தாம் வருஷக் கோடையில் நாடு முழுக்க ஒயின் ஊழல் வெடித்தது. வண்டித் தண்ணீர் குளிரில் உறையாமல் இருக்க ஊற்றுவார்களே, அந்தத் திரவத்தில் இருக்கிற ரசாயனத்தைச் சிலர் ஒயினில் கலந்து இனிப்பும் கனமும் ஏற்றி விற்றிருந்தார்கள். கலந்தவர்கள் சிலர், சந்தையை இழந்தவர்கள் எல்லோரும். அதிகாரிகள் வீடு வீடாக மாதிரி எடுக்க வரப்போகிறார்கள் என்று செய்தி வந்த வாரத்தில் இந்த இரண்டு பேரும் தங்கள் பீப்பாய்கள் அத்தனையையும் திறந்து தோட்டத்து வாய்க்காலில் விட்டார்கள். தெருவெல்லாம் தேன் வாடை. வாத்துகள் போதையில் தள்ளாடியதாகச் சொல்வார்கள். கலக்காதவன் எதற்குக் கொட்ட வேண்டும் என்று ஊர் கேட்டது. ஊர் தனக்குள்தான் கேட்டது, அவர்களிடம் போய் யாரும் கேட்கவில்லை.

எங்கல்பெர்ட் இரண்டு முறை முடியாது என்றான். மூன்றாவது முறை அவனே வந்து வால்பர்காவின் வாசலில் நின்றான். தொப்பியைக் கழற்றவில்லை.

"ஒட்டீலி சரின்னுட்டா. அவ பேசறப்போ நானும் பேசிடணும்," என்றான்.

அவள் என்ன சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் வந்திருக்கிறான் என்று வால்பர்காவுக்குத் தோன்றியது.

சேர்த்து வைத்துப் பதிவு செய்தபோது இருவரும் நன்றாகவே பேசினார்கள். கல்யாணத்துக்குச் சீதனமாக வந்த அரைத் தோட்டம், திராட்சை பழுக்கும் காலத்தில் கூட்டமாக இறங்கும் மைனாக்களை விரட்ட ஒட்டீலி துப்பாக்கி சுடப் பழகியது, டிராக்டர் கவிழ்ந்து எங்கல்பெர்ட்டின் இடுப்பு உடைந்தது, எல்லாம் வந்தது. ஆனால் எண்பத்து நாலு குளிர்காலத்தில் இருந்து கதை நேராக எண்பத்தாறுக்குத் தாவியது. நடுவில் ஒரு வருஷம் இருவருக்கும் இல்லாமலே போயிற்று. வால்பர்கா அந்த ஓட்டையைப் பார்த்தாள். குறித்துக்கொண்டாள்.

தனியாகக் கேட்டபோது எங்கல்பெர்ட் நிலவறையில் ஒரு கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டான். எண்பத்தைந்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அவனே ஆரம்பித்தான்.

அவன் இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அறுவடைக் காலத்தில் ஒட்டீலிதான் தனியாளாக ஒயின் போட்டாள். அவன் ஊன்றுகோலோடு திரும்பி வந்து பீப்பாயில் இருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தான். அப்படி ஒரு ஒயின் அந்த நிலவறையில் அதற்கு முன் ஊறியதில்லை. கனமாக, வழவழப்பாக, நாக்கில் நின்று இறங்கியது. சந்தோஷப்பட வேண்டியவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். திராட்சை பிழியும் பிழிபொறிக்குப் பின்னால் ஒரு நீலத் தகர டப்பா கிடந்தது. உறைதடுப்புத் திரவம். அவன் வாங்கியது இல்லை. கோடையில் செய்தி வெடித்தபோது கணக்கு அவனுக்குச் சரியாக விழுந்தது. அவன் இல்லாத நேரத்தில் ஏதோ வியாபாரி வந்து அவள் மனசைக் கெடுத்துவிட்டான். குடும்பத்தைக் காப்பாற்றக் கலந்துவிட்டாள்.

"நான் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா ஆமான்னு சொல்லிடுவாளோன்னு பயம். கொட்டிட்டேன். ஜெயிலுக்குப் போக வேண்டியவ அவ. போக விடல," என்றான்.

மறுநாள் ஒட்டீலி சமையலறையில் பீன்ஸ் உரித்துக்கொண்டே பேசினாள். அவள் கதையும் அதே ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. மாமனார் செய்ததைப் பார்த்த நினைவில் ஒயின் போட்டாள். பனிமூட்டம் அந்த வருஷம் நல்லபடியாக இறங்கிப் பழத்தைச் சுருங்க வைத்துச் சாற்றில் இனிப்பை ஏற்றியது. ஒயின் நன்றாக வந்தது அவளுக்கே தெரிந்தது. எங்கல்பெர்ட் திரும்பி வந்து ருசி பார்த்தான், பாராட்டவில்லை, முகம் கறுத்துப் போனான். அதன் பிறகு பகலெல்லாம் நிலவறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவள் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு நாள் பெருக்கும்போது பிழிபொறிக்குப் பின்னால் நீல டப்பாவைப் பார்த்தாள். கோடையில் அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் பீப்பாயைத் திறந்தபோது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"என் ஒயின்ல அவன் அந்தக் கண்றாவியக் கலந்துட்டான். இல்லன்னா எதுக்குக் கொட்டறான்? நானும் வாளி தூக்கினேன். புருஷனாச்சே," என்றாள். பிறகு உரித்த பீன்ஸைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள். "ஆனா கொட்டறப்போ கொஞ்சம் பாட்டில் தனியா எடுத்து அக்கா வீட்டுப் பரண்ல போட்டுட்டேன். நாளைக்குப் பழிய என் தலையில போட்டுட்டான்னா, காட்ட ஏதாவது வேணுமில்ல?"

வால்பர்கா வீட்டுக்கு வந்து இரண்டு பதிவையும் திரும்பத் திரும்பக் கேட்டாள். முதலில் அவளுக்கு வந்தது இரக்கம் இல்லை, சந்தேகம். இரண்டு பேரும் குற்றமற்றவர்களாக இருந்தால் கதை அழகாக முடிகிறது. அழகாக முடிகிற சாட்சியங்களை அவள் நிறையத் தட்டச்சு செய்திருக்கிறாள். பொன்விழாவில் ஊர் முன்னால் பெயரைக் கழுவிக்கொள்ள இருவரும் பேசி வைத்துக்கொண்டார்களா? அல்லது ஒருவர் நிஜமாகவே கலந்துவிட்டு, மற்றவர் மேல் சந்தேகப்படுவதுபோல் இத்தனை வருஷமாக நடிக்கிறாரா? ஒட்டீலி பரணில் ஒளித்தது சாட்சியமா, கேடயமா? எங்கல்பெர்ட்டின் குரல் 'போக விடல' என்ற இடத்தில் நடுங்கியது. நடுங்கும் குரலை அவள் நம்புவதில்லை. ஒட்டீலியின் குரல் நடுங்கவே இல்லை. அதையும் நம்புவதில்லை.

கொடுத்த வாக்கை மீற அவளுக்கு மனம் வரவில்லை. அதே சமயம் சும்மா இருக்கவும் முடியவில்லை. சில வாரம் பொறுத்து, விட்டுப்போன ஒரு வருஷத்தைப் பற்றிக் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி மறுபடி போனாள். இருவரையும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார வைத்தாள். கருவியைப் போட்டாள்.

"எண்பத்தஞ்சப் பத்தி ரெண்டு பேரும் சேந்து ஒண்ணும் சொல்லலியே. ஏன் கொட்டினீங்க?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எங்கல்பெர்ட், அதெல்லாம் எதற்கு இப்போது, நான் யாரையும் குறை சொல்லவில்லை என்றான்.

"யாரைக் குறை சொல்லல?" என்றாள் ஒட்டீலி.

"விடு ஒட்டீ. நீ குடும்பத்துக்காகத்தானே செஞ்ச."

"நான் என்ன செஞ்சேன்?"

அவன் டப்பா என்றான். அவள், உன் டப்பா என்றாள். என் டப்பா இல்லை என்று அவன் சொல்ல, அப்போது நான் என்ன உறைதடுப்பை வைத்துத் தலைக்குத் தேய்த்துக்கொண்டேனா என்று அவள் கேட்டாள். கவிழ்ந்த டிராக்டரை யார் சரிசெய்தது என்பதில் பேச்சு போய் நின்றது. ஒட்டீலியின் தம்பி மத்தியாஸ். செத்துப் பல வருஷம் ஆயிற்று. குளிருக்கு முன்னால் டிராக்டருக்குத் திரவம் ஊற்றிவிட்டு மிச்சத்தைப் பிழிபொறிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மத்தியாஸுக்கு எதையும் எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கம் கிடையாது என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

இந்த இடத்தில் இருவரும் அழுது கட்டிக்கொள்வார்கள் என்று வால்பர்கா எதிர்பார்த்திருந்தாள். நடந்தது வேறு. ஒட்டீலி எழுந்து அடுப்பை அணைத்தாள்.

"விஷம் கலக்கறவன்னு நெனச்சுக்கிட்டா என்கூட இத்தன வருஷம் சாப்பிட்ட?"

"நீ மட்டும் என்னவாம்? என்னையும் அதேதானே நெனச்ச?"

"நான் நெனச்சதுக்குக் காரணம் இருந்துச்சு. நீ கொட்டின."

"நான் கொட்டினதுக்கும் காரணம் இருந்துச்சு."

"என்ன காரணம்? டப்பாவா?"

அவன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். அவள் வால்பர்காவிடம் திரும்பி அந்த மெஷினை நிறுத்து என்றாள். வால்பர்கா நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவன் ரொட்டியை அவனே வெட்டித் தின்றான். செய்யாத குற்றத்தை மன்னித்துக்கொண்டு வாழ்ந்ததைவிட, சந்தேகப்பட்டதை மன்னிப்பது இருவருக்கும் கஷ்டமாக இருந்தது. எல்லாம் அந்த நீதிமன்றக்காரி வந்ததால்தான் என்று ஊரில் சொன்னார்கள். வால்பர்காவும் அப்படித்தான் நினைத்தாள். ஆனாலும் அவள் மனசின் மூலையில் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. இந்தச் சண்டையும் பேசி வைத்ததாக இருக்குமோ?

பாட்டில்களைப் பரணில் இருந்து இறக்கியது ஒட்டீலிதான். ஒன்றைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். சுத்தமான ஒயின், கலப்படம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. தொலைபேசியில் அதைச் சொல்லிவிட்டு, "நம்புறியா?" என்று வால்பர்காவைக் கேட்டாள். அது அந்த வருஷத்து பாட்டில்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி வால்பர்காவின் நாக்கு நுனி வரை வந்தது. பாட்டில்களில் சீட்டு ஒட்டவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்வியை விழுங்கினாள்.

கடைசியாக ஒரு பாட்டிலைத் திறக்கும் அன்றைக்கு அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒயின் தேயிலைச் சாறு நிறத்தில் பழுத்திருந்தது. எங்கல்பெர்ட் கோப்பையை மூக்கருகே பிடித்தபடி குடிக்காமல் வைத்திருந்தான். பிறகு ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னால இப்படிப் போட முடியாது. அன்னிக்கும் முடியாது, இன்னிக்கும் முடியாது," என்றான்.

"அதத்தான் அன்னிக்கு உன்னால நம்ப முடியல," என்றாள் ஒட்டீலி. "டப்பாவாம் டப்பா."

அவன் ஆமாம் என்றான். அவ்வளவுதான். அவள் அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. ஆனால் மறுநாளில் இருந்து இரண்டு தட்டு வைத்தாள்.

பதிவை வெளியிட எங்கல்பெர்ட் சம்மதித்தான். ஒட்டீலி சம்மதிக்கவில்லை. ஊருக்கு நான் ஏன் கணக்குச் சொல்ல வேண்டும், கொட்டினவள் என்றே சொல்லிக்கொள்ளட்டும் என்றாள். ஆகவே பொன்விழாவில் அவர்கள் குரலில் மைனா விரட்டிய கதை மட்டும்தான் ஒலித்தது. ஊர் சிரித்தது.

அந்த அறுவடையில் இருந்து நிலவறைச் சாவி ஒட்டீலியின் ஏப்ரன் பையில் இருக்கிறது. எங்கல்பெர்ட் தொட்டி கழுவுகிறான், பீப்பாய் உருட்டுகிறான். ருசி பார்க்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத்தான் பார்க்கிறான்.