சைக்கிள் டியூபில் தொங்கிய தேங்காய்க் குலை

தம்போயில் ஏர்கோன் பட்டறை போட்டது நான். தெப்ராவில் மீன் வைக்கிற குளிர்க் கிடங்கும் அதை ஒட்டிய ஐஸ் கொட்டகையும் நான் நிறுத்தியவை. சிங்கப்பூருக்குப் போகும் குளிர் லாரிகளில் என் கை படாதது குறைவு. படிப்பு, தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. அதிலும் கடைசி வருடம் பாதி நாள் பால்மரம் சீவப் போய்விட்டேன். இவனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா என்று சிரித்தவர்கள் வீட்டில் இன்றைக்கு ஓடுவது நான் மாட்டிய ஏர்கோன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் பேத்தி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். ஒரு பொருளுக்குள் சூடு போனால் உள்ளே என்ன கூத்து நடக்கிறது என்பதுதான் அவள் படிப்பு. இரும்பு, பிளாஸ்டிக், ரப்பர், எதையும் விடுவதில்லை. போன வாரம் ஒரு ரப்பர் பட்டையை வெடுக்கென்று இழுத்து என் உதட்டில் வைத்தாள். வெதுவெதுவென்று இருந்தது. தளரவிட்டு வைத்தாள், குளிர்ந்தது. வாயு இல்லாமல் இப்படியே ஏர்கோன் செய்யலாமாம். “தாத்தா, இழுத்துக் கட்டின ரப்பரைச் சூடாக்கினா நீளாது, சுருங்கும். உங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

தெரியுமாவாம். என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், விசிறியை நிறுத்தினேன், மறுபடியும் போட்டேன்.

சிகாமட் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் நாங்கள் இருந்தபோது எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். அப்போதும் என் கை கால் சும்மா இருக்காது. ஒருநாள் சமையல்கட்டில் விறகடுப்புக்குப் பக்கத்தில், உத்தரத்திலிருந்து சைக்கிள் டியூப் கீற்றில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். அம்மா அடுப்பு மூட்டினாள். கல் மெல்ல மேலே ஏறியது. அடுப்பு அணைந்து ஆறியதும் இறங்கியது. எங்கள் வீட்டிலேயே இருந்த மாமா, அம்மாவின் தம்பி, சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். “பேய்க் கல்லுடா இது” என்றார். தினமும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன், அம்மா கல்லைத் தூக்கி வெளியே வீசும்வரை.

அந்த வருடம் தங்கைக்குக் காய்ச்சல் வந்து சிகாமட் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்து வந்தால் தீமிதிக்கிறேன் என்று அப்பா வேண்டிக்கொண்டார். பிழைத்து வந்தாள். வேண்டுதல் நின்றுபோனால் காய்ச்சல் திரும்பி வரும் என்பதில் எங்கள் லயத்து வீடுகளில் யாருக்கும் சந்தேகமில்லை.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். தீக்குழியின் தலைமாட்டில் இரண்டு பாக்குமரம் நட்டு, குறுக்குக் கட்டையிலிருந்து வேப்பிலை சுற்றிய தேங்காய்க் குலையைத் தணலுக்கு மேலே தொங்கவிடுவார்கள். முதல் ஆள் இறங்குவதற்குள் குலை தணலில் விழுந்தால் ஆத்தாளுக்குச் சம்மதமில்லை. அந்த வருடம் யாரும் இறங்கக் கூடாது.

குலை கட்டும் பொறுப்பு மாமாவுக்கு. கயிறு வாங்க சிகாமட் போனவர் கயிறைத் தவிர எல்லாம் வாங்கி வந்தார். பாக்குமரத்தடியில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ரப்பர் பால் சுமக்கிற தோம்பு முதல் விறகு வரை சைக்கிளில் டியூபை வைத்துத்தானே கட்டுகிறோம், இதையும் அப்படியே கட்டுங்கள், சூட்டில் ஏறுமே தவிர இறங்காது என்று சொன்னது யார்? நான். மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டினார்.

கோயில் தலைவர் அதைக் கண்டபோது மேளம் தொடங்கிவிட்டது.

“என்னய்யா, ரப்பர்ல கட்டியிருக்க? அலமாக், தணல் போட்டா உருகி ஊத்திடும்லா.”

“உருகாது தலைவரே. ஏறும்” என்றார் மாமா.

“ஏறுமா? அது என்ன, குரங்கா?”

அவிழ்க்க நேரமில்லை. தணலைப் பரப்பினார்கள். மஞ்சள் வேட்டியும் காப்புமாக வரிசையில் முதலில் அப்பா. நான் அவர் இடுப்போடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கூட்டம் தணலைப் பார்க்கவில்லை, குலையையே பார்த்தது. அது ஆடியது. கனத்தில் டியூப் நீண்டிருந்தது. யாரோ, போச்சு என்றார்கள். ஆட்டம் நின்றது. பிறகு, அவசரமே இல்லாமல், நாலு விரல் உயரம் குலை மேலே போனது.

“ஆத்தா தூக்குறா” என்று ஒரு கிழவி சொன்னாள். அவ்வளவுதான், குலவை, மேளம், கும்பிடு. தலைவர் மாமாவின் காலைத் தொடக் குனிந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. “ரப்பர்தான் தூக்குது, நான்தான்...” என்று கத்தத் தொடங்கியபோது அப்பாவின் உள்ளங்கை என் வாயைப் பொத்தியது. பொத்திய கையை எடுத்தார், தணலில் இறங்கினார், நடந்தார், அந்தப் பக்கம் ஏறினார். காலில் ஒரு கொப்புளம் இல்லை.

தலைப்பாகை கட்டிவிட்டது மாமாவுக்கு. அதன்பிறகு வருடா வருடம் அவர் டியூபில்தான் கட்டினார், முதல் இலையில்தான் சாப்பிட்டார். என் பெயரை ஒரு பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

பேத்தி இப்போது விளக்குகிறாள். ரப்பருக்குள் கோடிக்கணக்கில் சங்கிலிகளாம். சும்மா இருக்காதாம், நெளிந்துகொண்டே இருக்குமாம். சுருண்டு கிடக்க எத்தனையோ வழி, நேராக நிற்க வழி கொஞ்சம். சூடு ஏற ஏற ஆட்டம் கூடி, சுருளப் பார்த்து, தொங்குவதையும் சேர்த்து மேலே இழுக்கும். ஒற்றைச் சங்கிலி அடுத்து என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. மொத்தக் கூட்டம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம் என்கிறாள். இருக்கட்டும். கோயில் கூட்டத்தை நானும்தான் பார்த்தேன்.

ஆனால் அப்பாவின் கை. அத்தனை தணலுக்குப் பக்கத்தில் நின்றவர் கை, பள்ளிக்கூட வாசலில் விற்கும் ஐஸ் கட்டியைப்போல் சில்லென்று இருந்தது. மஞ்சள் தண்ணீரில் குளித்ததால் என்று நினைத்துக்கொண்டேன். என் பெருமையை மறைக்கிறார் என்று வெகுநாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சூட்டைப் பற்றி எல்லாம் தெரியும் என்று இருந்த எனக்கு, ஒரு மனிதன் நெருப்பருகில் எதனால் குளிர்ந்துபோவான் என்று அப்போது தெரியவில்லை. அந்தக் குழியைக் கடக்கிற வரைக்குமாவது குலையைத் தூக்கியது ரப்பராக இருக்கக் கூடாது அவருக்கு.

அவர் போய் வெகுகாலம் ஆகிறது. மாமாவும் இல்லை. என் வாயைப் பொத்த இனி ஆளில்லை. பேத்தி, உன் ஆராய்ச்சிப் புத்தகத்தின் முன்பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கிறாய். பேராசிரியர் இருக்கிறார், கூடப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், உன் பூனைகூட இருக்கிறது. அவர்களுக்கு மேலே ஒரு வரி வேண்டும். முதலில் பார்த்தது என் தாத்தா என்று போடு.